வேறொருவர் நின்ற இடம்

பிக்பாஸ் நிகழ்ச்சியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களும் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு இரவுகளில் மயிலாப்பூர்ச் சந்துகளில் ஜன்னலுக்கு ஜன்னல் அதே குரல்தான்.

2017 ஜூனில் விஜய் டி.வி.யில் தொடங்கி ஏழு சீசன்கள் அந்த மேடையில் கமல் ஹாசன் நின்றார். 2024 அக்டோபரில், எட்டாவதற்கு, விஜய் சேதுபதி வந்தார். அன்றிலிருந்து பேச்சு ஒன்றுதான்: ‘கமல் மாதிரி வருமா?’ இதில் விமர்சனம் இல்லை, ஞாபகம்தான் இருக்கிறது. ஜானி கார்ஸன் முப்பது வருஷம் நடத்திய இரவு நிகழ்ச்சியிலிருந்து 1992இல் விலகியபோது, பின்னால் வந்த ஜே லெனோவையும் அமெரிக்காவில் இப்படித்தான் அளந்தார்கள். அமிதாப் உட்கார்ந்த இடத்தில் 2007இல் ஷாருக் கான் உட்கார்ந்தார். 2010இல் அமிதாபே திரும்பி வந்துவிட்டார். 2021இல் கமலுக்குக் கொரோனா வந்தபோது ரம்யா கிருஷ்ணன் நின்றதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லீவ் வேகன்ஸியில் வருகிறவரை எந்த ஆபீஸிலும் எடைபோடுவதில்லை.

கமல் அங்கே என்ன செய்தார்? வாக்கியத்தை வளைத்து, எழுவாயை ஒளித்து, பயனிலையைத் தள்ளிப்போடும் ஒரு தமிழ் அவருடையது. குற்றவாளி யார் என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். சில சமயம் முடிந்த பிறகும் தெரியாது. அதில் அரசியல் ஒத்திகையும் இருந்தது. முதல் சீசன் முடிந்து ஐந்து மாதத்திற்குள், 2018 பிப்ரவரியில், மதுரையில் கட்சி தொடங்கினார். ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்தத் தமிழோ அரசியலோ முக்கியமில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அதிகமாகக் காத்திருப்பார். அந்த விநாடியில் எதிரே இருப்பவர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவார்.

சேதுபதி இந்த நடையை நகல் எடுக்கவில்லை. அது நேர்மைதான். தெருவில் பேசுகிற தமிழில் நேரே கேட்கிறார். முகஸ்துதியைப் பாதியிலேயே நிறுத்துகிறார். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதியவர் இவர் (பாங்க் குமாஸ்தாவான எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்). கமலின் வளைவுகளுக்குப் பிறகு இந்த நேர்த்தன்மை முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் பதில் முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. திக்கித் திக்கித் தன் தரப்பைச் சொல்ல முயலும் ஒரு சாதாரண ஆள் டி.வி.யில் அகப்படுவதே அபூர்வம். அவனைச் சொல்லவிடாமல் செய்வது நேர்மையின் கணக்கில் வராது.

நம் வட்டத்திலும் இது நடந்திருக்கிறது. க.நா.சு.வுக்குப் பிறகு வந்தவர்களில் பலர் அவருடைய பட்டியலை எடுத்துக்கொண்டார்கள். பட்டியலுக்குப் பின்னால் இருந்த வாசிப்பை விட்டுவிட்டார்கள். செல்லப்பாவின் அலசல் வேண்டாம் என்றவர்களோ அலசுவதற்கு வேண்டிய பொறுமையையும் சேர்த்தே வேண்டாம் என்றார்கள். சேதுபதி இந்த இரண்டாவது வகை. கமலின் தோரணையைக் கழிக்கப்போய் அந்த விநாடியையும் கழித்துவிட்டார்.

அது அவரிடம் இல்லாததல்ல. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில், மகன் பார்த்துக்கொண்டிருக்க ஷில்பா புடவை கட்டிக்கொள்ளும் காட்சியில் அவர் எதற்கும் அவசரப்படுவதில்லை. பையன் பார்த்து முடிக்கும்வரை அவனுக்கு நேரம் கொடுக்கிறார்.