கற்கும் ஊக்கம் குறைவது வயதினாலா?

பள்ளிப் பிள்ளைகளின் கற்கும் ஊக்கத்தை ஆராயும் உளநூலார் இரண்டு முடிவுகளை அடிக்கடி எடுத்துரைப்பர். வயது ஏற ஏற ஊக்கம் தேய்கிறது என்பது ஒன்று. சிறுவரினும் சிறுமியரே படிப்பில் நாட்டம் மிக்கவர் என்பது மற்றொன்று. லெப்பர், கார்ப்பஸ், ஐயங்கார் ஆகிய மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியப் பிள்ளைகளிடம் தாமே விரும்பிக் கற்கும் ஆர்வம் 3ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்படியாகக் குறைவதைக் காட்டினர். எண்களில் ஐயமில்லை. அவற்றைக் கொண்டு வயதின்மேல் பழி சுமத்துவதே ஆராயத் தக்கது.

ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆறாண்டுகள் தமிழில் பயின்ற அப்பிள்ளை, அடுத்து மலாய்மொழியில் பாடம் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கிறது. மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்க்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிகிறது. உடன் பயின்றோர் முன்னே போய்விடுகின்றனர். பள்ளி, ஆசிரியர், பயிற்றுமொழி மூன்றும் ஒருசேர மாறுகின்றன. 13 வயதில் அப்பிள்ளையிடம் வினாத்தாளை நீட்டி, ஊக்கம் குன்றியதென்று கண்டு, அதனை வயதின் கணக்கில் எழுதுவது முறையாகுமா? வளரும் பிள்ளையின் தேவைக்கும் பள்ளியின் அமைப்புக்கும் பொருத்தம் கெடுவதைக் கவனிக்கவேண்டும் என்று எக்கிள்ஸ், மிட்க்லி என்னும் அறிஞர் இருவர் 1989இலேயே அமெரிக்கப் பள்ளிகளை வைத்து எடுத்துக்காட்டினர்.

ஆண் பெண் வேறுபாட்டிலும் இத்தவறு நேர்கிறது. 2018ஆம் ஆண்டு பீசா தேர்வில், மலேசியா உட்படக் கலந்துகொண்ட நாடுகள் அனைத்திலும் வாசிப்பில் பெண்களே முந்தினர். படிப்பு பெண்ணுக்கு இயல்பு, ஆணுக்கு அப்படியன்று என்று இதனால் முடிவுகட்டுவாருளர். ஆனால் மலாயாத் தோட்டப் பள்ளிகளின் தொடக்க காலத்தில் பெண்பிள்ளைகளின் தொகையே குறைவு. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வீட்டில் நிறுத்தப்பட்டனர். பாட்டியின் தலைமுறைக்கும் பேத்தியின் தலைமுறைக்கும் இடையே பெண்ணின் இயல்பு மாறிவிடவில்லை, வாய்ப்பு மாறியிருக்கிறது.

ஆகவே, ஒரே வயதினருள் பயிற்றுமொழி மாறியோரையும் மாறாதோரையும் தனித்தனியே ஒப்பிட்ட பின்னரே ஆய்வாளர் வயதைப் பற்றிப் பேசுதல் தகும். வயதும் பாலும் எவராலும் மாற்றக்கூடியவை அல்ல. அவற்றையே காரணமாக்கிவிட்டால் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாமற் போகும். "பையன் அப்படித்தான்" என்ற ஒரு சொல்லோடு, கைதூக்கி விடவேண்டிய பிள்ளை கைவிடப்படும்.