போதையனார் கணக்கும் வர்க்கமூலமும்

பழம்பாடல் ஒன்று கணக்கு வகுப்பினுள் நுழையுமானால் தமிழாசிரியர் உள்ளம் மகிழ்தல் இயல்பே. அம்மகிழ்ச்சி ஆராய்ச்சியோடு கூடியதா என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. போதையனார் என்னும் பெயரோடு இணையத்திலும் மேடைகளிலும் வழங்கும் பாடலொன்று, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இன்றியே காணும் வழியைக் கூறுகின்றது. பைதகரசுக்கு முன்னரே தமிழர் கண்ட முறை இது என்றும், இதனை அறிந்தார்க்கு வர்க்கமூலமே வேண்டுவதில்லை என்றும் புகழ்வோர் பலர். இப்புகழ்ச்சி பொருந்துமா?

பாடல் கூறும் வழி எளிது. நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்குக. எஞ்சியதனோடு குறும்பக்கத்திற் பாதியைச் சேர்க்க. வருவது கர்ணம் ஆகும். பக்கங்கள் 4, 3 எனின், மூன்றரையும் ஒன்றரையும் கூடி 5 வரும். 12, 5 எனின், பத்தரையும் இரண்டரையும் கூடி 13 வரும். இரண்டும் பிழையற்ற விடைகளே. ஆனால் 15, 8 என்னும் பக்கங்களுக்கு உண்மைக் கர்ணம் 17. பாடலின் வழியோ பதினேழே அரைக்கால் என்கின்றது.

இவ்வழி எங்கெங்குச் சரியாகும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். குறும்பக்கத்திற்கும் நெடும்பக்கத்திற்கும் உள்ள விகிதத்தைத் தெரியாக் கணியமாகக் கொண்டு, பாடலின் விடையைப் பைதகரஸ் தேற்றத்தோடு சமன் செய்தால் இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதற்குத் தீர்வுகள் இரண்டே: 3க்கு 4, 5க்கு 12. இவ்விரு விகிதங்களிலன்றி வேறெங்கும் இவ்வழி முற்றும் பொருந்தாது. எனவே இது தேற்றம் அன்று. தோராய விதியே ஆகும்.

தோராயம் என்பதனால் இழிவில்லை. அவ்விரு விகிதங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் பிழை நூற்றுக்கு ஒன்றினும் குறைவே. கூரைக்கு மரம் அளக்கும் தச்சனுக்கு அது பெருந்துணை. பக்கங்கள் இரண்டும் பத்தடியாக இருப்பின் மட்டும், மரம் ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறைந்துவிடும்! எல்லையறிந்து ஆள்வோர்க்கே இவ்விதி பயன்படும் என்க.

ஆசிரியர் பெயர் பற்றியும் தெளிவு வேண்டும். பௌதாயனரின் சுல்ப சூத்திரம் வடமொழி நூல். அது கர்ணத்தின் மீதமையும் சதுரம் ஏனைய இரு பக்கங்களின் மீதமையும் சதுரங்களுக்குச் சமம் என்னும் கருத்தையே கூறுகின்றது. எட்டுக் கூறாக்கும் வழி அதனின் வேறு. தமிழ்ப்பாடலின் எளிய நடையும், கர்ணம் என்னும் வடசொல்லாட்சியும் சங்கச் செய்யுள் நடைக்கு மிகப் பிற்பட்டவை. பெயரொற்றுமை கொண்டு காலத்தை முன்தள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது.

இனி, பாடல் தோற்கும் இடத்திலேதான் வகுப்புக்குரிய சிறந்த பாடம் தொடங்குகின்றது. பக்கம் 8 உடைய சதுரத்தை மாணவர் வரையட்டும். மூலைவிட்டம் 11 என்பது பாடலின் விடை. 11இன் வர்க்கம் 121, வேண்டுவது 128. வேறு பின்னம் உண்டா என்று தேடட்டும். 7/5 எனின் 49, வேண்டுவது 50. 17/12 எனின் 289, வேண்டுவது 288. சுல்ப சூத்திரம் தரும் மதிப்பாகிய 577/408ஐ எடுத்தாலும் 332929, வேண்டுவது 332928. ஒவ்வொரு முறையும் ஒன்று மிகுகின்றது, அல்லது ஒன்று குறைகின்றது. அந்த ஒன்று மறையவே மறையாதா என்று மாணவன் கேட்பானாயின், அவன் விகிதமுறா எண்ணின் வாயிலில் நிற்கின்றான்.

விடையும் அவனுக்கு எட்டாததன்று. சுருக்கிய பின்னம் ஒன்றின் வர்க்கம் 2 எனக் கொள்க. மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்திற்கு இருமடங்கு. ஆதலின் மேலெண் இரட்டை எண். இரட்டையின் வர்க்கம் நான்கால் வகுபடும். ஆதலின் கீழெண்ணும் இரட்டையே. இரண்டும் இரட்டையாயின் பின்னம் சுருக்கியது ஆகாது. எனவே அத்தகைய பின்னம் இல்லை.

இவ்வாராய்ச்சி செராஸ் போன்ற இடங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பெரிதும் வேண்டுவதாம். மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாண்டோடு முடிகின்றது. பின்னர் இடைநிலைப் பள்ளியில், பெரும்பாலும் மலாய் மொழியில், 'புஞ்சா குவாசா டுவா' என்ற பெயரில் வர்க்கமூலத்தை மாணவர் சந்திக்கின்றனர். விகிதமுறு எண்ணை மலாயில் 'நொம்போர் நிஸ்பா' என்பர். 'நிஸ்பா' என்பதன் பொருளும் விகிதமே. தமிழ்ச்சொல்லின் பொருளை உணர்ந்த மாணவனுக்கு மலாய்ச்சொல் தானே விளங்கும். ஆனால் "வர்க்கமூலம் வேண்டா, பாட்டே போதும்" என்று கேட்டுச் சென்ற மாணவன், தேர்வில் பிழையான விடை எழுதும் நாளில் எதனை ஐயுறுவான்? பாட்டை மட்டுமன்று, அதனைத் தந்த தமிழையும் அன்றோ ஐயுறுவான்!

ஆகவே பாடலை வகுப்பினின்று விலக்க வேண்டுவதில்லை. அதனைப் போற்றும் முன் அளந்து பார்க்கக் கற்பித்தலே ஆசிரியர் கடன். அளந்து பார்த்தபின் எஞ்சும் பெருமையே தமிழுக்கு நிலைத்த பெருமையாகும்.