வெண்பனியில் எந்த கார், எந்த டயர்?

உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஓட்டுநர் பிரேக்கை முழுதாக மிதித்த இடத்திலிருந்து சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். வண்டிகள் ஏறி இறுகிப்போன வெண்பனியில் அதே கார் நிற்க 40 மீட்டர் வேண்டும். வழவழப்பான பனிக்கட்டி என்றால் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஓடித்தான் நிற்கும். உராய்வுக் கெழு உலர்ந்த சாலையில் 0.7, இறுகிய வெண்பனியில் 0.25, பனிக்கட்டியில் 0.1 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வேகம் இரு மடங்கானால் இந்தத் தூரங்கள் நான்கு மடங்காகிவிடும். கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் வராது, எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்பது வராது, வண்டியின் விலையும் வராது. எடைகூட இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது டயரும் தரையும்தான். குளிர்நாட்டில் கார் வாங்கும் பலர் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள்: முதலில் நான்கு சக்கரமும் இழுக்கும் எஸ்.யூ.வி., டயரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்பது அவர்கள் வரிசை.

கனடாவின் தென்கிழக்குப் பகுதி, அதாவது டொராண்டோ, ஒட்டாவா, மான்ட்ரியல் நகரங்களை ஒட்டிய நிலம், கார்களையும் டயர்களையும் எடைபோடப் பொருத்தமான களம். ஒரே வாரத்தில் அங்கே எல்லாவிதத் தரையும் வந்துவிடும். திங்கட்கிழமை புதுப்பனி, மறுநாள் உப்புக் கரைந்த சகதி, அதற்கடுத்த இரவில் அந்தச் சகதியே உறைந்து கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. 2022 ஜனவரி 17 அன்று பெய்த பனியில் டொராண்டோவின் டான் வேலி பார்க்வே, கார்டினர் விரைவுச்சாலை இரண்டையுமே மூட வேண்டியதாயிற்று. டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்வதால், அங்கே ஓடும் கொரோல்லா, சிவிக், ராவ்4, சியன்னா போன்ற வண்டிகள் இந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கின்றன என்பது தமிழ் வாசகர்களுக்கும் உதவும்.

டயரிலிருந்து தொடங்குவதே முறை. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக, மார்கழிக் காலையில் புட்டியில் இருக்கும் தேங்காயெண்ணெய் போல இறுகிவிடும். இறுகிய ரப்பர் தரையின் சொரசொரப்புக்குள் இறங்காது. மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். வட அமெரிக்காவில் புதிய கார்களோடு பெரும்பாலும் வரும் ஆல் சீசன் டயர் இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் அதன் ரப்பர் கோடை வெயிலிலும் தேயாமல் உழைக்க வேண்டும் என்பதால், கடுங்குளிரில் அதுவும் விறைத்துப்போகிறது. பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பலர் அதோடு குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். அந்த எழுத்துகள் டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்களின் வடிவையும் இடைவெளியையும் மட்டுமே குறிக்கின்றன. அவற்றைப் பொறிக்க, பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஓர் இரவு முழுதும் வெளியே குளிரில் கிடந்த ஆல் சீசன் டயரையும் வின்டர் டயரையும் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். முதலாவதின் பட்டனைக் கட்டைவிரலால் தள்ளினால் மரக்கட்டை மாதிரி நிற்கும். வின்டர் டயரின் பட்டன் விரலுக்கு வளைந்து கொடுக்கும். வளையும்போது அதன் மேலுள்ள மெல்லிய நெளிகோட்டுக் கீறல்கள் லேசாகத் திறக்கும். சைப் எனப்படும் இந்தக் கீறல்கள் ஒரு டயரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பும் பனியைக் கடித்துப் பிடிக்கிறது. பட்டன்களுக்கு இடையிலுள்ள அகலமான பள்ளங்கள் செய்வது வேறு வேலை. அவை பனியை உள்ளே வாங்கி இறுக்கிக்கொள்கின்றன. பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், பள்ளங்களில் இறுகிய பனி தரைப்பனியைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுகிறது. டயர் முழுக்க வெள்ளையாக அப்பியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது பிடிப்பின் அடையாளம்.

பனிக்கட்டியின் கதை இதிலிருந்து மாறுபட்டது. அங்கே வழுக்க வைப்பது கட்டியின் மேல் படரும் மிக மெல்லிய ஈரப்படலம். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி அந்தப் படலம் தடிமனாக இருக்கும். அதனால் -20 டிகிரியைவிட -1 டிகிரியில்தான் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். குளிர் குறைந்துவிட்டது என்று ஓட்டுநர் நிம்மதி அடையும் நேரமே ஆபத்தான நேரம். இந்த ஈரத்தைக் கையாள பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் கண்ட வழி, ரப்பருக்குள்ளேயே நுண்துளைகளை வைத்து நீரை உறிஞ்சச் செய்வது. அப்படி உருவான பிளிஸாக் டயர் ஜப்பானில் 1988இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு அந்நாட்டின் பனிப்பகுதிகளில் ஆணி டயர்களே ஆட்சி செய்தன. ஆணிகள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி மக்களின் நுரையீரலைப் பாதித்ததால், 1990இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

ஆணி டயருக்கு இன்றும் இடமுண்டு. பனிநாட்டு டயர்களுக்குப் பின்லாந்துதான் தாய்வீடு. இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம் 1934இல் லாரிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்தது. டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட ஆணிகள் ஈரமான பனிக்கட்டியில் மற்ற எந்த டயரையும்விட நன்றாகப் பிடிக்கும். அதே ஆணிகள் வெறும் தார்ச்சாலையில் இரைச்சலிட்டுச் சாலையைத் தேய்க்கும். அங்கே பிரேக் தூரமும் கூடலாம். எனவேதான் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் அவற்றுக்கு அனுமதி இல்லை, வடபகுதியில் உண்டு. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை போட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் உப்புத் தூவும் நகரத்தில் ஆணிக்கு வேலையே இல்லை. உப்பு எட்டாத கிராமச் சாலையில் அது பணத்துக்குத் தகும்.

டயர் வாங்கும்போது பார்க்க வேண்டிய குறி, மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம். 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமான இந்தச் சின்னம், ஓரளவு இறுகிய வெண்பனியில் இழுவைச் சோதனை செய்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பு காட்டியதற்கு அடையாளம். சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்வது நல்லது: அது கிளம்பும் பிடிப்பைத்தான் அளக்கிறது, பனிக்கட்டியில் நிற்கும் திறனை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் தன் டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிப்புக்குத் தனிச் சின்னம் சேர்த்திருக்கிறது.

மலைச்சின்னம் பெற்ற டயர்களில் 'ஆல் வெதர்' என்றொரு வகை இப்போது வேகமாகப் பரவுகிறது. ஆண்டு முழுதும் கழற்றாமல் ஓட்டலாம். மிஷெலின் 2015இல் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட் இந்த வகையில் பெயர்பெற்றது. வெண்பனியிலும் சகதியிலும் இவை ஆல் சீசனைவிடத் தெளிவாக மேல். பனிக்கட்டியில் அசல் வின்டர் டயருக்கு ஈடாகாது. அடுக்குமாடியில் குடியிருந்து, இரண்டாவது செட் டயரை வைக்க இடமின்றி, உப்பிட்ட நகரச் சாலைகளிலேயே ஓட்டுபவர்களுக்கு இது நேர்மையான சமரசம். விடியுமுன் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது போதாது.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. கியூபெக்கில் குளிர்கால டயர் 2008 முதல் கட்டாயம். இன்றைய விதிப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச்சின்னம் உள்ள டயரோ ஆணி டயரோ இருந்தாக வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 தொடக்கத்திலிருந்து, வின்டர் டயர் போட்ட காருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது அங்கே விதி. கேட்டு வாங்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள்.

இனி கார்கள். கொரோல்லா, சிவிக் போன்ற முன்சக்கர இழுவை வண்டிகளில் எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நல்ல வின்டர் டயர் போட்டால் நகரத்துப் பனியில் இவை தயங்காமல் போகும். சங்கடம் ஏற்றத்தில் வரும். சரிவான வீட்டு வாசலில் ஏறும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் முன்சக்கரம் லேசாகிச் சுழலும். வாசலில் பனியை ஒழுங்காகத் தள்ளி வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. பனி ஆழமானால் இன்னொரு வரம்பு குறுக்கே நிற்கும். கொரோல்லாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 13, 14 செ.மீ. அளவுதான். அதைத் தாண்டிய பனியில் வண்டியின் அடிப்பாகம் பனிமேல் ஏறி உட்கார்ந்து சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும். அப்போது எந்த டயராலும் பயனில்லை.

பின்சக்கர இழுவை வண்டிகளில் காலி பிக்கப் டிரக் மிகவும் பாவம். பின்னால் எடையே இல்லாததால் சிக்னலில் கிளம்பும்போதே வால் ஆடும். பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டை ஏற்றி ஓட்டும் பழக்கம் அதனால்தான்.

ஆல் வீல் டிரைவ் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஏற்பாடுகள் விற்கப்படுகின்றன. சுபாருவில் சக்தி எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. ஃபாரஸ்டரின் கிளியரன்ஸ் 22 செ.மீ. பனி அகற்றப்படாத தெருவில் அது நிதானமாக, சக்கரம் சுழலாமல் நகர்வதைப் பார்த்தால் பனிநாட்டார் அதை ஏன் விரும்புகிறார்கள் என்பது விளங்கும். பல சிறிய எஸ்.யூ.வி.களில் முன்சக்கரம் வழுக்கும்போதோ வழுக்கப் போகிறது என்று கணினி ஊகிக்கும்போதோதான் பின்சக்கரத்துக்குப் போதிய சக்தி போகும். ஹைப்ரிட் ராவ்4இலும், 2021 மாடலிலிருந்து வரும் ஆல் வீல் டிரைவ் சியன்னாவிலும் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் தண்டே கிடையாது. பின் அச்சில் தனியாக ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. வாசலிலிருந்தும் சிக்னலிலிருந்தும் கிளம்ப அது தாராளம். ஆழ்ந்த பனியில் நெடுநேரம் போராட அதற்கு வலு குறைவு.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் வண்டியைக் கிளப்பத்தான் உதவுகின்றன. நிற்கும்போது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அங்கே ஆல் வீல் டிரைவ் எந்தச் சலுகையும் தராது. பனி மூடிய, காலியான வாகன நிறுத்துமிடத்தில் 40 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஆல் சீசன் டயர் போட்ட எஸ்.யூ.வி., சக்கரங்கள் திரும்பியிருந்தும் நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். வின்டர் டயர் போட்ட சிறு செடான் வளைந்துவிடும். ஆல் வீல் டிரைவில் இன்னொரு மறைமுக ஆபத்தும் உண்டு. வழுக்காமல் கிளம்பிவிடுவதால் தரை எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தி ஓட்டுநருக்குக் கிடைப்பதில்லை. முதல் சிவப்பு விளக்கில்தான் அது தெரியவரும்.

மின்னணு உதவிகளில் மிகப் பெரிய உயிர்காப்பு, வண்டி சுழலப் போவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் ஈ.எஸ்.சி. கனடாவில் 2011 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலை உதைக்கும். பயந்து காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உதிரியான ஆழ்பனியில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டுவதும் உண்டு, ஏனென்றால் பூட்டிய சக்கரம் முன்னால் குவிக்கும் பனிக்கரையே ஒரு தடையாகும். ஆனால் திருப்பும் திறன் கையில் இருப்பது அந்த இழப்புக்கு ஈடானது. பனியில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கும்போது மட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடலாம்.

மின்கார்கள் பனியில் நன்றாகவே ஓடுகின்றன. மோட்டாரின் விசையை நொடிக்குப் பலமுறை திருத்த முடிவதால் இழுவை சீராக இருக்கும். எடை அதிகம் என்பதால் வளைவில் கூடுதல் கவனம் வேண்டும். வழுக்கலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், மின்னாக்கப் பிரேக் தானாகப் பிடித்து சக்கரம் வழுக்கக்கூடும். அந்த அளவைக் குறைத்து வைப்பது நல்லது. பெரிய குறை தூரம்தான். கனடா ஆட்டோமொபைல் சங்கம் 2025 பிப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மோன் திரம்பிளாவுக்கு மின்கார்களை ஓட்டிப் பார்த்ததில், அறிவிக்கப்பட்ட தூரத்தைவிட 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. வின்டர் டயரை நான்கிலும் போட வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு போட்டால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுழன்று வண்டி திரும்பிவிடும். உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவுகளில் அகலம் குறைந்த டயரே பனியைக் கிழித்து இறங்கும்; அதன் விலையும் குறைவு. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கும்தோறும் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும் என்பதால் மாதம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பனிக்கு உதவாது. பழைய கார் வாங்குபவரிடம் விற்பவர் இலவசமாகத் தள்ளிவிடும் வின்டர் டயர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற தேர்வு இப்படி அமைகிறது. ஆழ்பனியும் மலைச்சரிவும் உள்ள ஊரில், கிளியரன்ஸ் கூடிய ஆல் வீல் டிரைவ் வண்டியோடு வின்டர் டயர் சேர்ந்தால் அதற்கு நிகரில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், முன்சக்கர இழுவைச் செடானுக்கு நான்கு வின்டர் டயர் போடுவதே சரி. ஆல் சீசன் டயரோடு நிற்கும் விலையுயர்ந்த எஸ்.யூ.வி. அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். வின்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் தேயாமல் சும்மா இருப்பதால், செலவில் ஒரு பகுதி திரும்பியும் வந்துவிடும். முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். பனிநாட்டில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்கள் அக்டோபரிலேயே நேரம் குறித்து டயரை மாற்றிக்கொள்ளுங்கள்.