நீர்த்தற் கணக்கும் வேற்றுமை உருபும்

அறிவியலைத் தமிழில் எழுதக் கலைச்சொற்களே வேண்டுவன என்பார் பலர். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தொடங்கிய முயற்சியும், 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட தொகுதியும் அத்தேவையை நிறைவு செய்யப் புகுந்தன. அவற்றின் சிறப்பை யாம் மறுக்கவில்லை. ஆயினும், சொல் செம்மையாக அமைந்தும் தொடர் பிழைபடுமாயின் பயன் யாது? கரைசலை நீர்க்கச் செய்யும் கணக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தமடையில் பாய் நெய்வோர் கோரையைச் சாயத்தில் தோய்ப்பர். செறிந்த சாயக்கரைசலைச் சேமித்து வைத்து, வேண்டும்போது நீர் கூட்டிப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். அதற்குரிய குறிப்பு '1:10' என்றிருப்பின், 'பத்தில் ஒன்று' என ஒருவரும், 'ஒன்றுக்குப் பத்து' என மற்றொருவரும் படிப்பர். இரண்டும் ஒன்றே எனக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது.

'பத்தில் ஒன்று' என்பது ஏழாம் வேற்றுமைத் தொடர். நன்னூலார் கூறும் தற்கிழமை ஈண்டு அமைகின்றது. ஒன்று என்பது பத்தினுள் அடங்கிய உறுப்பு. ஆகவே 10 மில்லிலிட்டர் சாயத்துடன் 90 மில்லிலிட்டர் நீர் சேர, மொத்தம் 100 ஆகும். செறிவு பத்தில் ஒரு பங்கு. 'ஒன்றுக்குப் பத்து' என்பது நான்காம் வேற்றுமைத் தொடர். பத்து, ஒன்றன் புறத்தே நின்று அதனோடு கூடுவது. 10 மில்லிலிட்டருக்கு 100 மில்லிலிட்டர் நீர், மொத்தம் 110, செறிவு பதினொன்றில் ஒரு பங்கு.

ஒரு முறை நீர்ப்பின் குறைவு நூற்றுக்கு 9 அளவே. மும்முறை அடுக்கி நீர்ப்பின், முன்னது 1000-இல் 1, பின்னது 1331-இல் 1. குறைவு நூற்றுக்கு 25 அளவாகிவிடும். சிறிய எண்களிலோ ஒரே முறையில் இடர் பெரிது: 'இரண்டில் ஒன்று' பாதி, 'ஒன்றுக்கு இரண்டு' மூன்றில் ஒரு பங்கு. ஒரு பாய்க்குரிய இரு கற்றைக் கோரை இங்ஙனம் வெவ்வேறு செறிவில் தோயின் நிறம் ஒவ்வாது. மருந்திலாயின் விளையும் கேடு சொல்லவேண்டா.

செறிவையும் பருமனையும் பெருக்கிய தொகை, நீர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றே என்பது விதி. ஆண்டுப் பின்னைப் பருமன் எனப்படுவது மொத்தக் கரைசலின் பருமனே; சேர்த்த நீரின் பருமன் அன்று. எனவே '100 மில்லிலிட்டர் ஆகுமளவும் நீர் சேர்க்க' என்பது வேறு. '100 மில்லிலிட்டர் நீர் சேர்க்க' என்பது வேறு.

'1:10' என்னும் குறி மறைக்கும் வேறுபாட்டைத் தமிழ் உருபு வெளிப்படுத்துகின்றது. இஃது எம்மொழிக்கு வாய்த்த நலம். இதனை இலக்கண நுணுக்கம் என்று வேதியியலாரும், கணக்கு என்று தமிழாய்வாளரும் ஒதுக்குதல் தகாது. கலைச்சொல் தொகுதிகள் சொற்களை நிரல்படுத்துவதோடு அமையாது, அவை ஏற்கும் உருபுகளையும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.