அரையால் வகுத்தல்

போன மாதம் அக்கா மகள் வீடியோ காலில் கேட்டாள்: "பின்னத்தை வகுக்கும்போது ஏன் மாமா தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்?"

"அதுதான் ரூல், பாப்பா."

"மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க."

பொறியியலில் கணிதத் தாள்களை எல்லாம் அரியர் இல்லாமல் தாண்டியவன் நான். அந்த உறுத்தலில்தான் லிப்பிங் மாவின் 'நோயிங் அண்ட் டீச்சிங் எலிமெண்டரி மேத்தமேடிக்ஸ்' நூலைக் கையில் எடுத்தேன்.

மா, கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஷாங்காயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆனவர். பிறகு அமெரிக்கா போய், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்விலிருந்து உருவாகி 1999இல் வெளிவந்த நூல் இது. முன்னுரை லீ ஷுல்மன் எழுதியது. பாடம் தெரிவது ஒன்று, வகுப்பை நடத்தத் தெரிவது ஒன்று. இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழும், எப்படிச் சொன்னால் எழும் என்று தெரிவது மூன்றாவதான தனி அறிவு என்று 1986இல் எழுதியவர் அவர்.

நூலின் புகழ்பெற்ற கேள்வி எளிமையானது: 1¾ ÷ ½ எவ்வளவு? அதற்கு ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள். 23 அமெரிக்க ஆசிரியர்களில் பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பிக்கொண்டார்கள். இத்தனைக்கும் எல்லோரும் பட்டதாரிகள். 12 பேர் முதுநிலைப் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். 72 சீன ஆசிரியர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். அவர்களில் 65 பேர் சரியான கதை சொன்னார்கள்.

இந்த எண்களை அப்படியே விழுங்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த 12 பேரும் ஒரு வருடம்தான் பாடம் எடுத்திருந்தார்கள். இரு குழுக்களும் சமமானவை அல்ல. பேட்டியில் அழகாகப் பேசியவர் கரும்பலகை முன்னால் எப்படி நடத்தினார் என்பதும் நூலில் இல்லை.

ஆனால் நூலின் உயிர் கடைசி அத்தியாயங்களில் இருக்கிறது. சீன ஆசிரியர்களிலேயே பத்தில் ஒருவரிடம்தான் மா ஆழமான புரிதலைக் கண்டார். அது அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பாடநூலை வரிவரியாகப் படித்ததிலிருந்து, சக ஆசிரியர்களோடு வாதிட்டதிலிருந்து, மாணவர்களின் விடைகளிலிருந்து. ஆசிரியர் அறிவு பள்ளியில்தான் முதிர்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வு ஒன்றே சொல்லிவிடுகிறது! அப்படியானால் முதுநிலைப் படிப்பு எதற்கு? அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் கணக்கின் முன்னால் ஆசிரியரை நாள்கணக்கில் உட்கார வைத்தால் அது படிப்பு. கோட்பாட்டுப் பெயர்களை மட்டும் ஏற்றி அனுப்பினால் சம்பள உயர்வுக்கான காகிதம்.

புத்தகத்தை மூடிவிட்டு அக்கா மகளை அழைத்தேன்.

"ஒன்னேமுக்கா லிட்டர் பால். அரை லிட்டர் பாக்கெட்டா ஊத்தினா எத்தனை?"

"மூணு. கால் லிட்டர் மிச்சம்."

"அது எத்தனை பாக்கெட்?"

"அரை பாக்கெட். அப்போ மூன்றரை."

"ஒரு லிட்டருக்கு எத்தனை பாக்கெட்?"

"ரெண்டு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஓ... அதான் ரெண்டால பெருக்குறோமா?"

எனக்கும் அது புரிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.