கேமரா சின்னதுதான், லென்ஸ் எங்கே?

கேனான் ஆர்100 ஒரு குட்டி கேமரா. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 356 கிராம். அதைத் திட்டுறவங்க பெரும்பாலும் திரையைத்தான் திட்டுவாங்க: தொட்டா வேலை செய்யாது, திருப்பவும் முடியாது. அந்தக் குறை நிஜம்தான். என் புகார் வேற. இந்தக் குட்டி உடம்புக்குச் சரியான அகலத்தில் ஒரு குட்டி லென்ஸ் அவங்ககிட்ட இல்லை.

பேசின் பிரிட்ஜ் பக்கம் நடந்து படம் எடுக்கறவங்களுக்கு இது ஏன் முக்கியம்னு சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே யார்டை ஒட்டின தெருக்கள், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, அப்படியே ராயபுரம், காசிமேடு. நீளமான லென்ஸோட கேமராவைத் தூக்கினா முதல் கேள்வி, "எந்த சேனல் சார்?" கேட்கறதுல தப்பே இல்லை. வடசென்னைன்னா குப்பை, கத்தி, ரவுடின்னு எடுத்துட்டுப் போனவங்கதானே அதிகம். பதில் சொல்லி, டீ குடிச்சு, அப்புறம் எடுக்கறதுதான் முறை. ஆனா நடுவுல இருக்கிற சாமான் சின்னதா இருந்தா அந்தப் பேச்சே வேற மாதிரி போகும்.

அப்படி ஒரு லென்ஸ் கேனானிடம் இருந்தது. 2012-ல் முதல் ஈஓஎஸ் எம் கேமராவோட வந்த ஈஎஃப்-எம் 22 மி.மீ. எஃப் 2. எடை 105 கிராம், நீளம் 23.7 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35 மி.மீ. பார்வை, ஒரு ஆளும் அவர் வாசலும் சேர்ந்தே படத்துக்குள் வந்துடும். 2022-ல் ஆர்7, ஆர்10 வந்தன, அடுத்த வருஷம் எம் வரிசைக்கு மூடுவிழா. பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்டவும் வழியில்லை. ஈஎஃப்-எம் லென்ஸ் சென்சாரிலிருந்து 18 மி.மீ. தள்ளி உட்காரணும், ஆர்எஃப் மவுன்ட்டோ 20 மி.மீ. தள்ளி இருக்கு. அந்த 2 மி.மீ.-ல தூரத்து ஃபோகஸ் போயிடும்.

இப்ப கைக்கு வர்றது என்ன? கேமராவோட தர்ற 18-45 வெறும் 130 கிராம், ஆனா எஃப் 4.5-க்கு மேல திறக்காது. எஃப் 2 தர்ற வெளிச்சத்தில் அஞ்சுல ஒரு பங்கு. பொழுது சாய்ஞ்சதும் படம் மணல் மணலா வரும். ஆர்எஃப் 28 எஃப் 2.8 நல்ல லென்ஸ், 120 கிராம்தான். இந்தச் சின்ன சென்சாரில் அது 45 மி.மீ. ஆகிடுது. சந்துக்குள்ள ரெண்டு அடி பின்னால போகலாம்னா முதுகுல சுவர் இடிக்கும். ஆர்எஃப் 24 எஃப் 1.8 பார்வை ஏறக்குறைய சரி, ஆனா 270 கிராம், 63 மி.மீ. நீளம். சிக்மா 23 எஃப் 1.4 கிட்டத்தட்ட கேமராவோட எடை.

செய்ய முடியாததுன்னு சொல்லவும் முடியாது. அந்த 28, ஃபுல் ஃபிரேமையே மூடுற லென்ஸ், 24.7 மி.மீ. தடிமன்ல அடங்கியிருக்கு. சின்ன சென்சாருக்கு 22 செய்ய மவுன்ட் தடையா இருக்காது. ஃபூஜிஃபிலிம் 2025-ல் 90 கிராமில் 23 எஃப் 2.8 கொண்டு வந்தது. விலையைக் கேட்டா நம்ம பர்ஸ் ஒத்துக்காது, அது வேற கதை. ஆரம்பக்காரர் கொஞ்ச நாள்ல ஃபுல் ஃபிரேமுக்குத் தாவிடுவார்னு கேனான் கணக்குப் போடுதுன்னு எனக்குத் தோணுது. தாவ முடியாதவர் அந்தக் கணக்குல இல்லை.

உடம்பிலும் இதே ஓட்டைதான். 299 கிராம் எம்200 தட்டையா, மேல திமில் இல்லாம இருந்தது. 2025-ல் வந்த ஆர்50 வி தட்டைதான், ஆனா 370 கிராம், வீடியோக்காரர்களை மனசுல வெச்சுச் செஞ்சது. அதுல ஒரு சின்ன 22 மாட்டி வித்தா நானே வரிசையில் நிப்பேன். இப்போதைக்கு, பழைய எம்200-உம் 22-உம் நல்ல நிலையில் கிடைச்சா வாங்கலாம்; அந்த மவுன்ட்டுக்கு கேனான் இனி புதுசா எதுவும் செய்யாதுன்னு தெரிஞ்சே வாங்குங்க.