விருந்தாளியின் பந்துவீச்சு

வெளிநாட்டு அணி ஒன்று டெஸ்ட் ஆட வந்து இறங்கிவிட்டால், ஹாலிஎலச் சந்தியில் முதலில் அடிபடுவது நம்முடைய அணியைப் பற்றிய பேச்சு அல்ல. நம்மவர்களில் யார் யார் ஆடுவார்கள் என்பது பாதி தெரிந்த கதை. மீதியைத் தெரிவுக்குழு பார்த்துக்கொள்ளும். அதைப் பேசப் போனால் கோபம்தான் மிஞ்சும். வந்தவர்கள் யாரை வைத்துப் பந்து வீசப் போகிறார்கள் என்பதுதான் ருசியான பேச்சு. அதில் பாசம் குறுக்கே வராது. "என்ன அண்ணே, மூணு ஸ்பின்னரப் போடுவானுங்களா?" என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் ஆரம்பித்தால் போதும். லயத்திலிருந்து வந்தவரும் கந்தோருக்குப் போகிறவரும் ஒரே மேசையில் தெரிவாளர்களாகிவிடுவார்கள்.

எங்களுடையது பதுளைக்கு முந்திய ரயில் நிலையம். டெஸ்ட் மைதானம் எதுவும் பக்கத்தில் இல்லை. வானத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அதுவும் ஏமாற்றும். ஜூலையிலும் ஓகஸ்டிலும் ஊவாவில் காய்ந்த காற்று அடித்துக் கொழுந்துக்கு மணம் ஏறும் காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. எங்கள் முற்றத்தில் புழுதி பறப்பதைப் பார்த்துவிட்டுக் காலியில் ஆடுகளம் வெடித்திருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் சந்தியில் நிறையப் பேர். வந்த அணியின் தலைவருக்கும் ஏறக்குறைய இதே கஷ்டம்தான். முதல் நாள் காலை டொஸ் போடுமுன் நான்கைந்து பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர் பார்ப்பது முதல் நாள் ஆடுகளத்தை. தெரிவு செய்வதோ நாலாம், ஐந்தாம் நாள் ஆடுகளத்துக்கு. இன்னும் பிறக்காத ஒரு நிலத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை இது. பெரிய சதங்களை ரசிக்கிறவர்கள் இந்த வேலையையும் கொஞ்சம் நின்று ரசிக்கலாம்.

முதலில் பந்தைச் சொல்ல வேண்டும். இலங்கையில் டெஸ்ட் ஆடுவது கூக்கபரா பந்தில். அதன் தையல் முதல் பதினைந்து, இருபது ஓவருக்குள் அமுங்கிப்போகும். அதற்குள் வேகப்பந்து வீச்சாளர் விக்கெட் எடுத்தால் உண்டு. பிறகு எண்பதாவது ஓவருக்குப் பின் புதுப்பந்து வரும்வரை நீண்ட வெயில். இந்த அறுபது ஓவரை யார் சுமப்பது என்பதுதான் தெரிவின் முடிச்சு. விக்கெட் எடுப்பவரை யாரும் தேர்ந்துவிடுவார்கள். விக்கெட் விழாத மத்தியானத்தில் ஓட்டம் கொடுக்காதவரைத் தேர்ந்தெடுக்கத்தான் ரசனை வேண்டும்.

இலங்கையின் முதல் டெஸ்ட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. 1982 பெப்ரவரி, கொழும்பு பி. சரவணமுத்து மைதானம். (அந்தப் பெயருக்குரிய பாக்கியசோதி சரவணமுத்து கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர், சிவில் சேவையில் தேயிலைக் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் இருந்தவர். தேயிலைக்காரர்களான எங்களுக்கு அந்த மைதானத்தின்மேல் ஒரு தனிப் பிரியம் இருப்பதில் தப்பில்லை.) கீத் பிளெச்சரின் இங்கிலாந்து அணியில் விலிஸ், பொத்தம், அல்லொட் என்று மூன்று வேகங்கள். கூடவே டெரெக் அண்டர்வூட், ஜோன் எம்புரி என்று இரண்டு சுழல்கள். ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை ஓப் ஸ்பின். இருவருமே பந்தைக் காற்றில் தூக்கிப்போட்டு வித்தை காட்டுகிறவர்கள் அல்லர். அளந்து போடுகிறவர்கள். முதல் இன்னிங்ஸில் அண்டர்வூட் 28 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். இரண்டாவதில் நம்மவர்கள் 3 விக்கெட்டுக்கு 167 என்று நிமிர்ந்து நின்றபோது எம்புரி வந்தார். 175க்கு எல்லாம் முடிந்தது. எட்டு ஓட்டத்தில் ஏழு விக்கெட். எம்புரிக்கு 33 ஓட்டங்களுக்கு 6. அந்தச் சரிவை இன்றும் பெரியவர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். ஆனால் ஒருவர் உள்ளே திருப்ப, ஒருவர் வெளியே திருப்ப, இரண்டு முனையிலும் ஓட்டம் அடைபட்ட அந்த அமைப்பை ரசிக்காமல் இருக்க முடியாது. அதுவே அண்டர்வூட்டின் கடைசி டெஸ்ட். அடுத்த மாதமே இருவரும் தடையை மீறித் தென்னாபிரிக்காவுக்குப் போன அணியில் சேர்ந்துகொண்டார்கள்.

தேயிலை கலக்குகிறவர்களிடம் இந்தக் கலைக்கு ஒரு பாடம் உண்டு. ஊவாத் தேயிலையின் மணம் பெரிது. அதற்காகப் பெட்டி முழுக்க ஊவாவை அடைத்தால் கோப்பையில் நிறம் போதாது. காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைக்கு நிறமும் கடுப்பும் உண்டு, மணம் குறைவு. கலக்குகிறவர் இரண்டையும் நாக்கில் வைத்து, எது எதைத் தூக்கிக் கொடுக்கும் என்று பார்க்கிறார். 2018இல் ஜோ ரூட்டின் இங்கிலாந்து அப்படித்தான் வந்தது: மொயின் அலி ஓப் ஸ்பின், ஜக் லீச் இடக்கை, ஆதில் ரஷீத் லெக் ஸ்பின். மூன்று சுழல்கள் என்று எண்ணிக்கை பார்த்தவர்கள் விஷயத்தைத் தவறவிட்டார்கள். மூன்று வேறுவேறு குணங்கள் என்பதுதான் அங்கே விஷயம். பல்லேகலையில் விழுந்த 40 விக்கெட்டுகளில் 38 சுழலுக்கு. அதற்குமுன் எந்த டெஸ்ட்டிலும் சுழலுக்கு அத்தனை விழுந்ததில்லை. தொடர் 3-0. அந்த மூவரும் சேர்ந்து 48 விக்கெட்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு பந்துவீச்சாளர் இன்னொருவருக்கு விட்டுச்செல்லும் சொத்து. அது அவருடைய காலடித் தடம்.

வேகப்பந்து வீச்சாளர் பந்தை விட்டபின் ஓடி நிற்கும் இடத்தில் சப்பாத்து ஆணிகள் ஆடுகளத்தைக் கிளறிவிடும். மிச்செல் ஸ்டார்க் போன்ற இடக்கை வேகம், விக்கெட்டுக்கு மேலாக வீசும்போது, கிளறப்படும் பகுதி பிறகு அதே முனையில் நின்று ஆடப்போகும் வலக்கைத் துடுப்பாட்ட வீரரின் ஓப் ஸ்டம்புக்கு வெளியே அமையும். எதிர்முனையிலிருந்து நேதன் லயன் ஓப் ஸ்பின் போட்டு அந்தக் கிளறலில் பந்தை விழுத்தினால், அது பாம்பாய் உள்ளே வரும். வலக்கை வேகம் கிளறுவது லெக் ஸ்டம்புக்கு வெளியே. அது லெக் ஸ்பின்னருக்கும் விக்கெட்டுக்கு மேலாக வீசும் இடக்கைச் சுழலுக்கும் ஆகும். எதிரணியில் இடக்கைத் துடுப்பாட்டக்காரர்கள் அதிகமென்றால் கணக்குத் தலைகீழ்: வலக்கை வேகத்தின் தடமே ஓப் ஸ்பின்னருக்கு விருந்து. ஆகவே ஸ்டார்க்கை எடுப்பது புதுப்பந்துக்காக மட்டும் அல்ல. அவர் விக்கெட்டே எடுக்காத நாளிலும் லயனுக்காக நிலத்தை உழுதுகொண்டிருப்பார். ஸ்கோர் அட்டையில் இதற்கு ஒரு பத்தியும் கிடையாது.

இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துவிடும் ஆட்களும் உண்டு. 2014 ஜூலையில் தென்னாபிரிக்கா காலிக்கு வந்தபோது, ஸ்டெய்னையும் மோர்கலையும் பிலாண்டரையும் இந்த மண்ணில் வைத்து என்ன செய்வார்கள் என்று சிரித்தோம். டேல் ஸ்டெய்ன் முதல் இன்னிங்ஸில் 54 ஓட்டங்களுக்கு 5, இரண்டாவதில் 45க்கு 4. மோர்கல் இரண்டாவதில் 4. காலியின் காய்ந்த நிலம் பந்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துக் கொடுக்க, பழைய பந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆனது. ஸ்டெய்ன் ஸ்டம்பைப் பார்த்துப் போட்டார். காற்றிலேயே பந்து வளைந்து வரும்போது ஆடுகளம் சுழலுமா எழும்புமா என்று யாருக்குக் கவலை? 153 ஓட்டங்களால் வென்று, 1993க்குப் பின் இங்கே முதல் தொடர் வெற்றியையும் கொண்டுபோனார்கள். அந்த வெற்றிதான் அவர்களைக் கெடுத்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 2018இல் எஸ்.எஸ்.சி.யில் ஸ்டெய்ன், ரபாடா, இங்கிடி என்று மூன்று வேகத்தோடு இறங்கினார்கள். கேஷவ் மகராஜ் ஒருவரே 129 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் எடுத்தார். மறுமுனையில் அவருக்கு ஒரு முழுநேரச் சுழல் துணை இல்லை. நம்முடைய கடைசி ஜோடியான ஹேரத்தும் அகில தனஞ்சயவும் 74 ஓட்டங்கள் சேர்த்தார்கள். ஒன்பது விக்கெட் எடுத்த மனிதர் தோற்ற அணியில் நின்றார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2016இல் காலியில் ஸ்டார்க் 94 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் எடுத்தும் அவுஸ்திரேலியா 229 ஓட்டங்களால் தோற்றது. 106க்கும் 183க்கும் சுருண்டால் எந்தப் பந்துவீச்சைத் தெரிவு செய்தும் பயனில்லை. நம்முடைய கலைக்கு அவ்வளவுதான் எல்லை.

2022 ஜூன் கடைசியில் அதே அவுஸ்திரேலியா காலிக்குத் திரும்பி வந்து, ஸ்டார்க், கமின்ஸ், லயன், ஸ்வெப்சன் என்ற நால்வரை வைத்து மூன்று நாளுக்குள் பத்து விக்கெட்டால் வென்றது. ஒரு வாரம் கழித்து அதே மைதானம், அதே நால்வர். சந்திமால் 206 ஆட்டமிழக்காமல், நம்முடைய மொத்தம் 554. லயனுக்கு ஏறத்தாழ 200 ஓட்டங்களைக் கொடுத்து 2 விக்கெட். எங்கள் பக்கத்தில் அறிமுக ஆட்டக்காரர் பிரபாத் ஜயசூரிய 177க்கு 12. வென்ற அணியை மாற்றாதே என்பது பொதுவான புத்தி. காலியில் அது சோம்பேறிப் புத்தி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆடுகளங்கள்கூட ஒரு தாய்ப் பிள்ளைகள் அல்ல. ஜயசூரிய வீசிய இடக்கைச் சுழல் அவுஸ்திரேலியப் பதினொருவரில் இல்லை என்பதையும் கவனித்தோம். அவர்களும் கவனித்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில், பந்து வீசாத கையின் பெருவிரல் முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டு சில நாட்களே ஆன மத்தியூ குனமனைக் காத்திருந்து கூட்டி வந்தார்கள். இடக்கைச் சுழல். லயனும் டொட் மர்பியும் கூட. வேகத்துக்கு ஸ்டார்க் ஒருவரே முழுநேரம். இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்றோம். இரண்டு டெஸ்ட்டில் குனமனுக்கு 16 விக்கெட். தோற்றது கசந்தாலும், காயம்பட்டவருக்காகக் காத்திருந்த அந்தத் தெரிவு அழகானது.

ஆனால் நான் பார்த்தவற்றில் முதலிடம் வேறொன்றுக்கு. 2021 ஜனவரி, காலி, இரண்டாவது டெஸ்ட். முதல் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் ஸ்டுவர்ட் ப்ரோட் 20 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்து நன்றாகவே வீசியிருந்தார். அவரை உட்கார வைத்துவிட்டு, 38 வயது ஜேம்ஸ் அண்டர்சனை இங்கிலாந்து இறக்கியது. "இந்த வயசில, இந்த வெயில்லயா?" என்று சந்தியில் ஒரே சிரிப்பு. அண்டர்சன் 29 ஓவர் வீசி 40 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். மார்க் வூட் 3, சாம் கரன் 1. சுழல்காரர்கள் பெஸ்ஸும் லீச்சும் வெறுங்கை. பத்து விக்கெட்டும் வேகத்துக்கு. இரண்டாவது இன்னிங்ஸில் நிலம் திரும்பியது: பெஸ் 4, லீச் 4, கடைசியில் ரூட்டே வந்து ஓட்டம் எதுவும் கொடுக்காமல் 2. பத்தும் சுழலுக்கு. 126க்கு இன்னிங்ஸ் முடிந்தது. ஒரே அணி ஒரு இன்னிங்ஸின் பத்து விக்கெட்டை வேகத்துக்கும் மற்றதன் பத்தைச் சுழலுக்கும் எடுத்தது டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அண்டர்சனின் ஆறு விக்கெட்டை எல்லோரும் பேசினார்கள். நான் அந்த 29 ஓவரில் 40 ஓட்டத்தைப் பேசுகிறேன். மத்தியூஸ் சதம் அடித்து, மொத்தம் 381 வரை போன இன்னிங்ஸ் அது. ஒரு முனை ஓவருக்கு ஒன்றரை ஓட்டத்துக்கும் கீழே பூட்டிக் கிடந்ததால்தான் அது 500 ஆகவில்லை. ப்ரோடைவிட அண்டர்சன் சிறந்தவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த வாரத்து நிலத்துக்கு, அந்த இரண்டு சுழல்காரர்கள் ஓட்டம் கசியவிடும் நேரத்தில், மறுமுனையை யார் அடைப்பார் என்று யாரோ ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார்.

1992 முதல் 2010 வரை இங்கே வந்த அணிகள் பலவும் இதைக் கேட்கவே நேரமில்லாமல் போயின. முரளிக்கு என்ன பதில் என்ற யோசனையே அவர்கள் தலையை நிரப்பியிருந்தது. அவருடைய பாட்டனாரும் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்தவர் என்பதால், அந்தப் பதற்றத்தைப் பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம். ஷேன் வார்ன் மட்டும் விதிவிலக்கு. 2004 மார்ச்சில் காலியில், முரளிக்கு எதிர்முகமாய் நின்று, இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்துத் தன் 500ஐயும் அங்கேயே தாண்டினார். கூட மெக்கில். ஒரே அணியில் இரண்டு லெக் ஸ்பின்னர்கள் என்ற அந்தத் துணிச்சலுக்கே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம்.

இங்கே வந்து வீசியவர்களில் காலிக்கு ஓர் அணி பொறுக்கச் சொன்னால், இது என் தெரிவு: ஸ்டார்க், அவர் தடத்துக்கு லயன், ஸ்டெய்ன், அவர் தடத்துக்கு வார்ன், விக்கெட் விழாத மத்தியானத்துக்கு அண்டர்வூட். அண்டர்சனை வெளியே வைப்பது வலிக்கத்தான் செய்கிறது. ஆறாவது துடுப்பாட்ட வீரர் எங்கே என்று கேட்காதீர்கள். விக்கெட் காப்பாளர் கில்கிறிஸ்ட் ஆறாவதாக இறங்குவார்.